கடைசிச் சொட்டு

அந்த ஆய்வகத்தில் அவளை எல்லோரும் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, அங்கேயே இருந்துவிட்டது. புதிதாகச் சேருகிற ஆராய்ச்சி மாணவர்கள் முதல் நாள் மேடம் என்பார்கள், மறுநாள் சொட்டக்கா என்பார்கள். வங்கியிலிருந்து யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இல்லையே" என்று சொல்லப் போய் நாக்கைக் கடித்துக்கொள்கிற அளவுக்கு அவளுக்கே அது பழகிவிட்டது.

பெயர் வேலையிலிருந்து வந்தது. சிறுநீரகம் உப்பை எப்படி உள்ளே இழுக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வகத்தின் பிழைப்பு. மனிதச் சிறுநீரகத்தைத் தினமும் யார் தருவார்கள்? அதனால் தவளைத் தோல். உப்பை இழுக்கிற விஷயத்தில் தவளைத் தோலும் நம் சிறுநீரகத்தின் கடைசிக் குழாயும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. காசளவு தோலை வெட்டி, இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவே விறைப்பாகப் பொருத்தி, இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டால், அந்தத் தோல் தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். வெளிப்பக்கத்து உப்பை உள்பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். அப்படி இழுக்கும்போது மின்சாரம் ஓடும்; அதை அளக்கிற பெட்டியிலிருக்கும் முள் மேலே ஏறி நிற்கும். தவளையின் உடம்பு குப்பைப் பையில், தோல் மட்டும் கிண்ணத்தில் உயிரோடு. உடம்பு போன சேதியைத் தோலுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் தடவை பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு முள்ளையே பார்ப்பார்கள்.

ஆனால் முள் நிற்பதை மட்டும் வைத்து எதையும் நம்ப முடியாது. தோலில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் மின்சாரம் கசியும். அப்போதும் முள் நிற்கத்தான் செய்யும். நிற்பது உயிரா, ஓட்டையா? அதைக் கண்டுபிடிக்கத்தான் கடைசிச் சொட்டு. அமிலோரைடு என்று ஒரு மருந்து, இளமஞ்சள் தூள். உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றக் கொடுப்பது. அதைக் கரைத்து ஒரு சொட்டு விட்டால், தோலில் உப்பு நுழைகிற வாசல்களில் போய் உட்கார்ந்து அத்தனையையும் அடைத்துவிடும். முள் கிடுகிடுவென்று கீழே வரும். எவ்வளவு விழுந்ததோ அவ்வளவும் தோலின் சொந்த உழைப்பு. விழாமல் மிச்சம் நின்றது கசிவு.

"விழுறதுதாம்மா உயிரு. விழாம நிக்கிறது வெறும் ஓட்டை" என்பார் பேராசிரியர். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். சொல்லிவிட்டுத் தானே ரசித்துக்கொள்வார்.

அந்தச் சொட்டை விடுவது அவள் பொறுப்பு. தோலை இழுத்துப் பொருத்துவதும் அவள்தான். கையுறை போட்ட விரலுக்குத் தோலின் இழுப்பு தெரியாது என்று வெறும் கையால்தான் செய்வாள். வேறு யாருக்கும் இல்லாத சலுகை அவளுக்கு. சாயங்காலம் ஆனால் சொட்டு விழும், முள் விழும், திருகாணிகளைக் கழற்றித் தோலை எடுத்துப் பையில் போட்டுவிட்டுக் கிண்ணங்களைக் கழுவி வைப்பாள். இளவயதில் சேர்ந்தவள், இப்போது தலை நரைத்துவிட்டது. இத்தனை காலத்தில் அந்தச் சொட்டுக்குப் பிறகு ஒரு முள்ளாவது எழுந்து அவள் பார்த்ததில்லை. முள் விழுந்த தோலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம். அந்தக் காரணத்தை யோசித்துப் பார்க்க அவளுக்கு ஒருபோதும் தேவை வரவில்லை.

வீட்டில் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுக் கிணறுகளில் கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் தடவியே வாழ்நாளைக் கழித்தவர். வாய் மட்டும் ஓயாது. கல்யாணமான புதிதில் அவள் தன் வேலையை விளக்கிச் சொன்னபோது கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "நல்லா அமைஞ்சுது போ. என் தொழில்ல விழுந்தா சாவு. உன் தொழில்ல விழுந்தாதான் உயிரா? ரெண்டு பேரும் ஒரே வீட்டுல எப்படிக் குப்பை கொட்டப் போறோம்?" கொட்டினார்கள். பிள்ளை இல்லை. ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டும், ஒருவருக்காக ஒருவர் சாப்பிடாமல் காத்திருந்துகொண்டும் காலம் ஓடிப் போனது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இருதயம் களைத்துப் போய்விட்டது, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்று டாக்டரம்மா சொன்னார். நிதானமானவர், ஒன்றுக்கு இரண்டு தடவை விளக்கிச் சொல்கிறவர்.

"இந்தப் பெரிய மாத்திரை தண்ணிய இழுத்து வெளிய தள்ளிரும். ஆனா தண்ணியோட சேந்து பொட்டாசியமும் போயிரும். அது ரொம்பக் குறைஞ்சா நெஞ்சு தாறுமாறா அடிக்கும், உயிருக்கே ஆபத்து. அது போகாம புடிச்சு வைக்கத்தான் இந்தச் சின்ன மாத்திரை. ரெண்டும் சேந்துதான் வேலை செய்யும். ஒண்ணு குடுத்து ஒண்ண விட்டுறாதீங்க. உப்பக் குறைங்க."

அவள் தலையாட்டிக்கொண்டே சின்ன மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அமிலோரைடு என்று போட்டிருந்தது. அட்டையைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாததா? மருந்து என்று தெரியும். ஊரில் எத்தனையோ பேர் காலையில் எழுந்ததும் போட்டுக்கொண்டு நன்றாக நடமாடுகிறார்கள் என்றும் தெரியும். பேராசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் பலகையில் படம் போட்டே விளக்கியிருப்பார். கேட்கவில்லை. புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் கை எத்தனை உயிரை அந்தச் சொட்டால் முடித்திருக்கிறது! அதே கையால் அதே மருந்தைக் கட்டிய புருஷன் வாயில் போடு என்றால் எப்படிப் போடும்? இதைப் படிக்கிறவர்களுக்கு அவள் மேல் கோபம் வரலாம். எனக்கும் வருகிறது.

மறுநாள் காலை இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். அவர் வாயைத் திறந்தார். பெரியது போனது. சின்னது விரல்களுக்கு நடுவே நின்றுவிட்டது. "அவ்ளோதானா?" என்றார் அவர். "அவ்ளோதான்" என்றாள். அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தாள். குங்குமப்பொட்டு அளவுகூட இல்லை. வெளியே அவர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கவில்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வேறு வீடாக இருந்திருந்தால் மாத்திரை குப்பைக்கோ குழாய்க்கோ போயிருக்கும், கதையும் அத்தோடு முடிந்திருக்கும். அவளால் அது முடியாது. அந்த மருந்தைச் சாக்கடையில் விடக்கூடாது, அதற்கென்று வைத்திருக்கிற கழிவு பாட்டிலில்தான் போட வேண்டும் என்பது ஆய்வகத்தின் விதி. அது அவளுக்கு ரத்தத்தில் ஊறிய விதி. அதனால் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனாள். அங்கே பாட்டிலின் மூடியைத் திறந்தவளுக்கு இன்னொரு பயம் வந்தது. அவருக்கென்று எழுதிக் கொடுத்த மாத்திரை. அதைக் கழிவில் போட்டால் அவரையே கழிவில் போட்ட மாதிரி. மூடியை மூடினாள். வெள்ளைக் கோட்டின் வலது பையில், பென்சிலோடும் இடுக்கியோடும் அதையும் போட்டுக்கொண்டாள். மறுநாள் இன்னொன்று சேர்ந்தது. அதற்கு மறுநாளும் ஒன்று.

பெரிய மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. அவர் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, அந்தச் சின்னது இல்லாமலே தேறிவிட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்புறம்தான் ஆய்வகத்தில் முட்கள் எழாமல் போயின.

முதலில் ஒரு தோல். பொருத்தினாள், உப்புத் தண்ணீர் ஊற்றினாள், காத்திருந்தாள். முள் கொஞ்சமே கொஞ்சம் ஏறி நின்றது. சாயங்காலம் சொட்டு விட்டாள். முள் அசையவில்லை. விழுகிறதற்கு ஒன்றும் இல்லை. தோல் காலையிலேயே செத்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். சரி, நோய்வாய்ப்பட்ட தவளை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அடுத்த தோலும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. தொட்டியில் பச்சைப் பசேலென்று துள்ளிக்கொண்டிருக்கிற தவளை, அவள் கை பட்டதும் தோல் செத்துப் போகிறது. பேராசிரியர் தண்ணீரை மாற்றச் சொன்னார், உப்பை மாற்றச் சொன்னார், தவளை கொண்டுவருகிற ஆளை மாற்றினார். கம்பிகளை எல்லாம் பிடுங்கி மறுபடி மாட்டினார்கள். எதற்கும் முள் மசியவில்லை. "சொட்டக்கா, உங்க கைராசி எங்க போச்சு?" என்று ஒரு மாணவி விளையாட்டாகத்தான் கேட்டாள். சொட்டக்கா முகத்தில் ஈயாடவில்லை.

அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்தாள். வீட்டு வாசலில் வந்து நின்ற சாவை அவள் உள்ளே விடாமல் தடுத்துவிட்டாள் அல்லவா? அது வெறுங்கையோடு திரும்பிப் போகுமா? அவள் பின்னாலேயே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டது. அவருக்குப் பதிலாக இந்தத் தோல்களை எடுத்துக்கொள்கிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் எழாத முள்ளைப் பார்க்கும்போது ஒரு பக்கம் பயமாக இருந்தாலும், இன்னொரு பக்கம் மனசுக்குள் ஒரு நிம்மதி பரவியது. இங்கே எடுத்துக்கொண்டுவிட்டது, அப்படியானால் இன்றைக்கு வீட்டில் எடுக்காது. செத்த தோலைப் பையில் போடும்போது, வாய் அசையாமல், அதற்கு நன்றி சொன்னாள்.

வீட்டில் நன்றாகவா இருந்தது? வீக்கம் மறுபடி வந்தது. அவளுக்குக் கொஞ்ச நாளாகச் சமையலில் உப்பே தெரியவில்லை. அவருக்கு வைத்த சூப்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள், சப்பென்று இருக்கும். என்னதான் உப்பைக் குறை என்றாலும் மனுஷன் இதை எப்படிக் குடிப்பார் என்று இன்னும் ஒரு சிட்டிகை போடுவாள். அவர் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அதோடு தொடைகளில் பலம் போயிற்று. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவள் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று பகலிலும் திரையை இழுத்துவிடச் சொன்னார்.

"நெஞ்சு எப்படிங்க இருக்கு?"

"ஓடுது. ஆனா பிரேக் தேஞ்ச லிஃப்ட் மாதிரி ஓடுது. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது, அப்புறம் ஒரு குதி குதிச்சுப் போகுது."

"டாக்டரம்மாகிட்ட போலாமா?"

"எதுக்கு? நீதான் பாத்துக்கறியே" என்றார். அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் கண்ணயர்ந்த பிறகு மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். கழுத்தோரம் தொட்டுப் பார்த்தாள். அது அவளுக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு நாளில் எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது.

ஒரு நாள் மதியம் பேராசிரியர் கையில் ஒரு விளக்கோடு வந்தார். பேனா அளவு, ஊதா வெளிச்சம் அடிக்கிற விளக்கு.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சும்மா. மிச்சம் இருக்கறது ஒண்ணுதான். மருந்து எங்கயோ கொட்டியிருக்கு. நாம சொட்டு விடறதுக்கு முன்னாடியே தோலுக்குப் போய்ச் சேந்திருது. வாசல் காலையிலயே அடைஞ்சு போச்சுன்னா முள்ளு எப்படி எழும்? அமிலோரைடு இருக்கற இடம் இந்த வெளிச்சத்துல நீலமாத் தெரியும்." ஜன்னல் திரைகளை மூடி, அறை விளக்கை அணைத்தார்.

இருட்டில் முதலில் மேசை தெரிந்தது, நீலப் புள்ளிகளோடு. கிண்ணங்களின் விளிம்பில் நீலம். திருகாணிகளில் நீலம். ஒவ்வொன்றும் விரல் பட்ட அளவுக்கு இருந்தது. பேராசிரியர் விளக்கை மெல்லத் திருப்பினார். அவள் வலது கை மேசைக்கு மேல் தனியாக மிதந்தது. ஐந்து விரல் நுனிகளும் நீலமாக எரிந்தன. வீட்டு வாசலிலிருந்து பின்னாலேயே வந்தது என்று நினைத்தாளே, அது அவள் விரலில்தான் உட்கார்ந்திருந்தது.

"கோட்டு முழுக்க மங்கலாத் தெரியறது சலவைத்தூள், அதை விடுங்க" என்றார் அவர். "பாக்கெட்டப் பாருங்க."

வலது பை, உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி ஒளிர்ந்தது. அவர் அறை விளக்கைப் போட்டுவிட்டுப் பையை வெளியே இழுத்தார். மாத்திரைகள் உதிர்ந்தன, பாதி முழுசாக, பாதி தூளாக. பென்சிலை எடுக்கிறபோதெல்லாம், இடுக்கியை எடுக்கிறபோதெல்லாம் அந்தக் கை அந்தத் தூளுக்குள் போய் வந்திருக்கிறது.

"இது என்னம்மா?"

"அவரோடது சார். குடுக்க மனசு வரல."

பேராசிரியருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அல்லது அதற்கு நேரமில்லை என்று பட்டிருக்க வேண்டும். கையுறையை மாட்டிக்கொண்டு, அன்று காலை அவள் பொருத்திய தோலிடம் போனார். செத்துப்போன தோல். கிண்ணத்துத் தண்ணீரை வடித்தார், புதிய உப்புத் தண்ணீர் ஊற்றினார், வடித்தார், மறுபடி ஊற்றினார். "இங்க வந்து பாருங்க" என்றார்.

முள் நடுங்கியது. பிறகு எழுந்தது. யாரோ தரையில் கையூன்றி எழுந்திருப்பது போல, நின்று நின்று, மேலே வந்தது. வந்து தன் இடத்தில் நின்றது.

அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். இத்தனை வருஷம் பையில் போட்டதெல்லாம் அவள் கண் முன்னால் வந்தது. "சாகலையா சார்?"

"சாகறதா? கதவ அடைச்சா வீட்டுக்காரன் செத்துருவானாம்மா? அது வாசல்ல உக்காரும், கழுவினா எழுந்து போயிரும். நமக்குக் கழுவிப் பாக்க நேரமில்ல, அவ்ளோதான். சொட்டு யாரையும் கொல்லல." நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்துச் சொன்னார்: "நாக்குல உப்பு தெரியுதா உங்களுக்கு? அங்கயும் அதே வாசல்தான்." சூப்பைத் தொட்டு நாக்கில் வைக்கிற விரலை அவள் பார்த்தாள். "வீட்டுக்குப் போங்க. இப்பவே போங்க."

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அந்த ஊதா விளக்கு தன் கையிலேயே இருப்பதைக் கவனித்தாள். எப்போது எடுத்தோம் என்று ஞாபகமில்லை.

வீடு திரை மூடி இருண்டு கிடந்தது. கதவைத் திறந்ததும் கை தடுமாறி ஊதா விளக்கு எரிய ஆரம்பித்தது. அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. சுவிட்சில் நீலம். கதவு விளிம்பில் நீலம். தண்ணீர்க் கூஜாவின் கழுத்தில், கோப்பையின் காதில், சூப் கரண்டியில், உப்புச் சாடியின் மூடியில் அவள் விரல்கள். அறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு முழு உள்ளங்கை, தினமும் அதே இடத்தில் ஊன்றி ஊன்றித் தடித்துப் போய், யாரோ அங்கே இன்னமும் நிற்கிற மாதிரி. வீடு முழுக்க அந்த மருந்து இருந்தது. அவர் வயிற்றில் மட்டும் இல்லை.

அவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. மூக்கின் கீழே, கழுத்தின் ஓரத்தில், இரண்டு இமைகளிலும், உதட்டில், காதடியில், நீலப் பொட்டுகள். கண் தெரியாத ஒருவர் தொட்டுத் தொட்டு அந்த முகத்தைப் படித்தது போல இருந்தது. இத்தனை தடவையா தொட்டேன்? "என்னங்க" என்றாள். முகம் அசையவில்லை. நீலம் மட்டும் எரிந்தது. "என்னங்க!"

கழுத்தில் கை வைத்தாள். துடிப்பு இல்லை. ஒன்று வந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு குதி. அவள் விளக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள், ரத்தம் எடுத்துப் போனார்கள். அவருக்கு லேசாக நினைவு வந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"பொட்டாசியம் அடிமட்டத்துல இருக்கு. ரெண்டு மாத்திரையும் ஒழுங்காக் குடுத்தீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் படுக்கையிலிருந்து அவர் குரல் வந்தது, காற்று மாதிரி. "ரெண்டும் குடுத்தா டாக்டர். ஒரு நாள்கூடத் தவறல."

டாக்டரம்மாவின் முகம் இன்னும் இறுகியது. "ரெண்டும் சாப்பிட்டும் இவ்ளோ கம்மின்னா இது வேற ஏதோ கோளாறு. ரெண்டையும் நிறுத்திட்டு முதல்லேர்ந்து தேடணும்" என்று நர்ஸிடம் திரும்பினார்.

அவர் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சும்மா இரு என்று அர்த்தம். சும்மா இருந்திருந்தால் அவள் மானம் தப்பியிருக்கும். தப்பு வழியில் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் போயிருப்பார்.

"குடுக்கல" என்றாள். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். "சின்ன மாத்திரைய நான் குடுக்கவே இல்ல. ஒண்ணுகூடக் குடுக்கல. உப்பும் போட்டேன். அவரு பொய் சொல்றாரு."

டாக்டரம்மா அவளைப் பார்த்த பார்வையை அவள் சாகும் வரை மறக்க மாட்டாள். ஆனால் அந்தப் பார்வை ஒரு கணம்தான். அடுத்த கணம் திரும்பி, எதை ஏற்ற வேண்டும், எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கடகடவென்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவர் பிழைத்தார். பொட்டாசியம் ஏறி, நெஞ்சு ஒரு ஒழுங்குக்கு வந்து, எழுந்து உட்கார்ந்து நர்ஸுகளை வம்புக்கு இழுக்க ஆரம்பித்த பிறகு, ஒரு காலையில் அந்தச் சின்ன மாத்திரை தட்டில் வந்தது. நர்ஸ் எடுக்கப் போனார். "நான் குடுக்கறேன்" என்றாள் அவள். நர்ஸ் சந்தேகமாகப் பார்த்தார். சேதி வார்டு முழுக்கப் பரவியிருந்தது. நர்ஸ் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் நாக்கை நீட்டினார். அவள் வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத்தான் தெரியும்.

"என்ன, விழுதா?" என்றார் அவர்.

"இல்லங்க. நிக்குது."

"விழாம நின்னா வெறும் ஓட்டைன்னு சொல்வாரே உங்க சார்."

அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையாகிவிட்டது. "எதுக்கு அன்னிக்குப் பொய் சொன்னீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும் நான் குடுக்கலன்னு?"

"டாக்டரம்மா ரெண்டுன்னு சொன்னாங்க. எனக்கு வந்தது ஒண்ணு. அதுகூடவா தெரியாது? கதவு இடுக்கு வழியாத் தெரியும். தெனமும் பின்னாடி போய் நின்னு அந்தப் பொட்டு மாத்திரையப் பாத்துப் பாத்து அழுவ."

"கேட்டிருக்கலாமே!"

"கேட்டா குடுத்திருப்ப."

"குடுத்திருந்தா நல்லாதானே இருந்திருப்பீங்க?"

"நான் நல்லா இருப்பேன். நீ? எப்போ விழும் எப்போ விழும்னு எம் மூக்குல கைய வெச்சுக்கிட்டு ராப்பகலா உக்காந்திருப்ப. கொஞ்ச நாளாவது தூங்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

அவள் விரலுக்கு அடியில் நாடி விழுந்தது, எழுந்தது. மறுபடி விழுந்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் அவள் பிடி இறுகியது.

"கைய விடு, வலிக்குது" என்றார் அவர். அவள் விடவில்லை.